பிராந்திக் கடைக்கு அந்தப் பக்கம்

உத்திராபதிக்கு வீடு மாற்றித் தரும் தொழில். சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி, பாண்டிச்சேரி முதலியார்பேட்டை மெயின் ரோட்டோரத்தில் ஒரு வாகை மர நிழல், சட்டைப் பையில் ஒரு போன், இவ்வளவுதான் அவருடைய அலுவலகம். ஒருவருடைய சாமான்களை ஏற்றி இறக்கி வைப்பதற்குள் அந்த ஆளின் யோக்கியதை முழுவதும் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. இருபத்திரண்டு வருஷமாக ஏற்றி இறக்குகிறார். இதுவரைக்கும் ஒருவர்கூடத் தேறவில்லை.

உள்ளூர்க்காரர்கள் கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் வாளியைக்கூட விட்டுவர மாட்டார்கள். அதற்குள் துடைப்பத்தைச் செருகி, துடைப்பத்தின் மேல் சாமி படத்தை வைத்துக் கட்டுவார்கள். இது ஒரு ரகம். சென்னைக்காரர்கள் வண்டி வாடகையைப் பேசி முடித்த பிறகு மாடிப்படி இருப்பதைச் சொல்வார்கள். இது இன்னொரு ரகம். இவர்களையெல்லாம்கூட உத்திராபதி ஓரளவு பொறுத்துக்கொண்டார். அவருக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது மூன்றாவது ரகத்தின் மேல்தான். அவர்கள் போனில் வீடியோ பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்து வருகிறவர்கள்.

குறைந்த செலவில் நிறைவாக வாழ ஏற்ற பத்து ஊர்கள் என்று தொப்பி போட்ட ஒரு பையன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு பேசியிருக்கிறான். அதில் பாண்டிச்சேரிக்கு மூன்றாவது இடம். அதைப் பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் ஜோடி ஜோடியாக வந்து இறங்கினார்கள். ஓடுவதற்கு ஒரு மெஷின், அதன் மேல் காயப்போட்ட துணி, முப்பது தொட்டிச் செடி, ஒரு பூனை. பூனைக்குத் தனிக் கூடை, கூடைக்குள் மெத்தை. உத்திராபதி பிள்ளையாக இருந்தபோது அவருக்கு மெத்தை கிடையாது.

"அண்ணா, இங்க லைஃப் ரொம்ப அமைதியா இருக்குமாமே?" என்று வண்டியில் முன்னால் உட்கார்ந்து வரும்போது கேட்பார்கள்.

"இருக்கும் சார். சனி ஞாயிறுல வெளிய வராதீங்க. மழ பேஞ்சா வெளிய வராதீங்க. வெயில் காலத்துல மத்தியானம் வராதீங்க. மத்தபடி அமைதிதான்."

அவர்கள் சிரிப்பார்கள். தங்களைக் கிண்டல் செய்கிறார் என்பது புரியாமல் சிரிப்பதைப் பார்த்தால் உத்திராபதிக்கு இன்னும் இளக்காரமாக இருக்கும். வந்தேறிகள் என்று கலையரசியிடம் சொல்வார். கலையரசி அவர் மனைவி, பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. உத்திராபதி பிறந்தது கடலூருக்குப் பக்கத்தில் கரும்பு விளைகிற ஒரு கிராமம், பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்ததே இருபது வயதில் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்துவிடுவாள்.

இந்த வந்தேறிகள் செய்கிற தவறுகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பாண்டிச்சேரியின் எல்லை ஒழுங்காகப் போகாது. இந்தத் தெரு பாண்டிச்சேரி என்றால் அடுத்த தெரு தமிழ்நாடு, அதற்கடுத்த வயல் மறுபடியும் பாண்டிச்சேரி. யாரோ வெள்ளைக்காரன் கிழித்துப்போட்ட காகிதம்போல் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் பாண்டிச்சேரி என்று நினைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வீடு பிடிப்பார்கள். சாமான் எல்லாம் இறக்கி, கூலி வாங்கி, வண்டியைக் கிளப்பிய பிறகு உத்திராபதி தலையை வெளியே நீட்டி, "சார், இது தமிழ்நாடு" என்பார். அந்த முகங்களைப் பார்ப்பதற்கு அவர் கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டாலும் குறைத்துக்கொள்வார்.

"உங்களுக்கு எப்பிடிண்ணா தெரியுது?" என்று ஒருத்தன் கேட்டான்.

"இதுல என்னா வித்தை? பிராந்திக் கடை இருக்குதான்னு பாரு. தனியார் கடை, கண்ணாடிக் கதவு, கலர் லைட்டு, அப்பிடி இருந்தா அது பாண்டிச்சேரி. தமிழ்நாட்டுல கவர்மென்ட் கடைதான், ஜெயிலு மாதிரி கம்பி போட்டிருப்பான். இது தெரியாம நீங்கள்லாம் கம்ப்யூட்டர் வெச்சிக்கினு என்னா பண்றீங்க?"

அப்பேர்ப்பட்டவருக்கே வீடு மாறவேண்டி வந்தது.

பன்னிரண்டு வருஷமாக சந்திரமோகன் என்பவர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. அறைக்கு ஜன்னல் கிடையாது. குழாயில் உப்புத் தண்ணீர். மகள் அபி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தது சமையலறையில், சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே பாய் போட்டுக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் செல்வாம்பாள் வீடு. செல்வாம்பாளுக்குக் காது மந்தம் என்பதால் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து அவள் பார்க்கும் சீரியல்களை இவர்களும் கேட்டாக வேண்டும். அபி அல்ஜீப்ராவைவிட அந்த மாமியார்களின் சதித்திட்டங்களை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் சந்திரமோகன் வந்தார்.

"உத்திராபதி, ஆனி மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடு. பின்பக்கத்த டூரிஸ்டுக்கு விடப் போறேன்."

"இதயா? ஜன்னலே இல்லியே!"

"ஏசி போட்டுட்டா ஜன்னல எவன் கேக்கப் போறான்?"

சந்திரமோகனைப் பற்றி அன்று ராத்திரி முழுவதும் உத்திராபதி பேசினார். காலையில் வீடு தேடக் கிளம்பினார்.

வீடு தேடுவது என்றால் அவருக்குத் தெரியாததா? ஊரில் எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் கட்டிலுக்குக் கீழே வரும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் வாடகைதான் எங்கேயும் கட்டுப்படியாகவில்லை. தேங்காய்த்திட்டில் ஒரு வீடு, துறைமுகத்துக்குப் பக்கம். மீன் ஏலம் விடும் சத்தத்தில் படுத்துக்கொள்ள இந்த வாடகையா என்று திட்டிவிட்டு வந்தார். மார்க்கெட் பக்கம் ஒரு மூன்றாவது மாடி. அதற்கு ஏறும் படியில் அவர் தோளே நுழையவில்லை. இன்னோரிடத்தில் வீட்டுக்காரர் வாடகையைச் சொல்வதற்கு முன்னால் என்ன ஜாதி என்று கேட்டார். உன் வீட்டை நீயே கட்டிக்கொண்டு அழு என்று சொல்லிவிட்டு வந்தார், அது மட்டும் நியாயமான கோபம். மொத்தம் ஐந்து வீடு. அபியும் கூடவே வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அவள் உள்ளே போய் ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆறாவதுதான் முருகன் நகர், அன்று கலையரசியும் கூட வந்திருந்தாள். கடலூர் ரோட்டிலிருந்து மேற்கே பிரிந்து வயலை ஒட்டிப் போட்டிருந்த புது மனைப்பிரிவு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் முனையில் ஒரு பிராந்திக் கடை. கண்ணாடிக் கதவு, கலர் லைட்டு, வாசலில் பைக் நிறுத்த இடமில்லை. உத்திராபதி வண்டியை மெதுவாக ஓட்டி அந்தக் கடையைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டார். விசாரிக்க வேண்டியது அத்தோடு முடிந்தது.

வீட்டுக்காரர் பெயர் மண்ணாங்கட்டி. வயதான விவசாயி. நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, ஒன்றில் தனக்கும் ஒன்றில் வாடகைக்குமாக இரண்டு வீடு கட்டியிருந்தார். இரண்டு அறை, தனிச் சமையலறை, இரண்டு பக்கமும் ஜன்னல். போர் தண்ணீர் கற்கண்டு. காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. வாடகையோ சந்திரமோகனின் குகைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

"கரண்டுக்கு ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டு கணக்கு இல்லப்பா. அதுக்கு மேல ஓடினா குடு, போதும்" என்றார் மண்ணாங்கட்டி.

உத்திராபதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் கலையரசியிடம், "பாத்தியா, பேருக்கு ஏத்த ஆளு. கரண்டு காசு வாங்கக்கூடத் தெரியல. மெய்யாலுமே மண்ணாங்கட்டிதான்" என்றார்.

"ஏங்க, எதுக்கும் இது எந்த ஊர்ல சேர்த்தின்னு ஒரு வார்த்த கேட்டுக்கலாமே. அபிக்கு அந்தச் சர்டிபிகேட்டு..."

அபிக்கு நர்ஸ் ஆக வேண்டும். அரசு நர்சிங் கல்லூரியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று இடங்கள் உண்டு. விடாமல் ஐந்து வருஷம் பாண்டிச்சேரியில் குடியிருந்ததாகச் சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு காகிதம் இருந்தால் கொஞ்சம் பணத்தில் படித்துவிடலாம். இல்லையென்றால் தனியார் கல்லூரி. அதற்கு வண்டியை விற்றாலும் முதல் வருஷம்தான் தாண்டும்.

"என்னையா கேக்கச் சொல்றே? ஊருக்கெல்லாம் எல்லை காட்டறவன் நானு. முனையில பிராந்திக் கடையப் பாத்தே இல்ல?" என்றார் உத்திராபதி. கலையரசி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

பால் காய்ச்சிக் குடிபோன அன்று அவர் பழைய தெருவையே குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனார். நின்றபடி ஒன்பது பேர், செல்வாம்பாளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பாயசம் ஊற்றினார். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து காட்டினார். லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்குகிறவன் எல்லாம் போனைத் தடவி ஊர் தேடுகிறான், எட்டாவது வரைக்கும் படித்தவன் நான் தேடிப் பிடித்ததைப் பார் என்றார். அதற்குப் பிறகும் மாதம் ஒரு முறையாவது பழைய தெருவுக்குப் போய், நீங்கள் இன்னும் இந்தச் சாக்கடையிலேயே இருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டு வருவார். சந்திரமோகனின் வாசலில் நின்று இதை இரண்டு தடவையாகச் சொல்வார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வருஷமும் அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். கலையரசிக்குப் பின்கட்டில் பிடித்த இருமல் நின்றது. அபி மேற்கு ஜன்னலோரம் ஒரு பழைய மேசையைப் போட்டுக்கொண்டாள். ஐதராபாத்துக்குத் திரும்பி ஓடிய ஒரு ஜோடி விட்டுவிட்டுப் போன மேசை அது. சாயங்காலம் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பாள். வயலில் தவளை கத்துவதைத் தவிர வேறு சத்தமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் இரண்டாவதாக வந்தாள். உள்ளூர்ப் பட்டியலில் இடம் நிச்சயம், சான்றிதழை மட்டும் சீக்கிரம் வாங்கிவிடு என்று டீச்சர் சொன்னார்.

உத்திராபதி மனுப் போட்டார். ரேஷன் அட்டை, ஆதார், ஓட்டர் கார்டு எல்லாம் பழைய முகவரியிலேயே இருந்தன. முகவரி மாற்றுவதற்காக ஆபீஸ் ஆபீஸாக வரிசையில் நிற்பவர்கள் வேலையற்றவர்கள் என்பது அவர் எண்ணம். எங்கே இருந்தால் என்ன, எல்லாம் பாண்டிச்சேரிதானே என்று பழைய முகவரியையே எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

வருவாய்த் துறை அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார்.

"நேர்ல வந்து விசாரிச்சேங்க. நீங்க அந்த அட்ரஸ்ல இல்லன்னு பக்கத்து வீட்டு வயசான அம்மா சொன்னாங்க."

"ஆமா, ரெண்டு வருஷம் ஆவுது. முருகன் நகர்ல இருக்கேன். அதுக்கென்னா?"

"எந்த முருகன் நகர்?"

"நம்ம கடலூர் ரோட்டுலேருந்து உள்ள திரும்பினா, முனையில பிராந்திக் கடை இல்ல? அதத் தாண்டி நாலாவது வீடு."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "அது தமிழ்நாடுங்களே."

"அதெப்பிடி? பிராந்திக் கடை இருக்குதே!"

"கடை நம்மளுதுதாங்க. நம்ம எல்லையில கடைசிக் கட்டடமே அதுதான். அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து வாங்கணும்னுதானே கோட்டு மேல கடை போடறாங்க. கடைச் சுவத்தோட நாம முடிஞ்சோம். நீங்க கரண்டு பில்லு பாக்கலயா? நூறு யூனிட்டு இலவசம்னு வந்திருக்குமே, அது தமிழ்நாட்டுல குடுக்கறது."

உத்திராபதி அவரை ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தார். நேற்று முளைத்த பையன், உனக்கு என்ன தெரியும் என்று தொடங்கலாம். ஆனால் மேசைமேல் வரைபடம் இருந்தது. அலுவலர் அதைத் திருப்பிக் காட்டினார். ஒரு கறுப்புக் கோடு கடலூர் ரோட்டைத் தொட்டு வளைந்து, வயலுக்குள் இறங்கி, முருகன் நகரை முழுவதுமாக வெளியே தள்ளிவிட்டுப் போயிருந்தது.

"விடாம அஞ்சு வருஷம்னு விதிங்க. ரெண்டு வருஷம் நடுவுல போயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அலுவலர். அந்த ஆள் சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

நேரே செல்வாம்பாள் வீட்டுக்குப் போய்க் கத்தினார்.

"நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னா உன் தலையா போயிடும்?"

செல்வாம்பாள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "எனக்கென்னா தெரியும் தம்பி? அந்த ஆபீஸ் புள்ள வந்து கேட்டுச்சு. பெருமையாத்தான் சொன்னேன், நல்ல வீடு, நாலு பக்கமும் காத்து, ரெண்டு வருஷமா ராஜா மாதிரி இருக்காருன்னு. நான் மறைச்சிருந்தாலும் அடுத்த வீட்டுக்காரிகிட்ட கேக்காதா? அவளும் உன் வண்டியில ஏறி வந்து பாயசம் குடிச்சவதானே? மாசா மாசம் வந்து நீயே சொல்லிட்டுப் போறே, இந்தத் தெருவுல தெரியாதவ யாரு?"

அவளுடைய குரலில் துளி விஷமம் இல்லை. உத்திராபதிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த மூன்று நாளும் அலைந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் போய் அங்கே சீட்டு கிடைக்குமா என்று கேட்டார். பெண் படித்ததெல்லாம் பாண்டிச்சேரிப் பள்ளி, அதற்கு வேறு காகிதங்கள் வேண்டும், அதைக் கொடுத்து மனுப் போட வேண்டிய தேதியும் போன வாரம் முடிந்துவிட்டது என்றார்கள். சந்திரமோகனிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பின்கட்டில்தான் இருக்கிறார்கள் என்று ஒரு கடிதம் கேட்டார். கடிதம் எழுதித் தருகிறேன், ஆனால் விசாரிக்க வந்தால் உள்ளே இருக்கும் பெங்களூர்க்காரர்களை எங்கே ஒளித்து வைப்பது என்றார் சந்திரமோகன். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளில் அவரிடம் பேசிய அத்தனை பேரும் நியாயமாகவே பேசினார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அபி மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. கலையரசி இன்னும் கடையிலிருந்து வரவில்லை.

உத்திராபதி தரையில் உட்கார்ந்து வழக்கம்போல் தொடங்கினார். அலுவலர் மடையன். கோடு போட்டவன் குடிகாரன். மண்ணாங்கட்டி நயவஞ்சகன், தெரிந்தே மறைத்திருக்கிறான். செல்வாம்பாள் ஊர்வாய். ஒவ்வொருவராகக் கிழித்துப் போட்டுக்கொண்டே வந்தார்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள் அபி.

"என்னா தெரியும்?"

"இது தமிழ்நாடுன்னு. வீடு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். போன்ல பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த வீட்ட விட்டிருப்பே. திரும்பவும் ஜன்னல் இல்லாத வீட்டுக்குத்தான் போயிருப்போம். அஞ்சு வீடு பாத்தோமே, ஒண்ணுலயாவது உக்காந்து படிக்க எடம் இருந்துச்சா?"

"அதுக்காவ? உன் சீட்டு போச்சேடி! அந்தக் காயிதம் இல்லாம சீட்டு வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவள் குரல் உயரவில்லை. அழவும் இல்லை. "சீட்டு வர்ற அளவுக்கு நான் மார்க் எடுப்பேன்னு நெனைக்கவே இல்லப்பா. நீதானே சொல்லிக்கினே இருந்தே, இது எங்க மார்க் எடுக்கப் போவுது, பெயிலாவாம வந்தா போதும்னு. எனக்கு எதிர்லயே எல்லார்கிட்டயும் சொன்னே. நான் அத நம்பிட்டேன். சீட்டுதான் நமக்குக் கெடைக்காது, ரெண்டு வருஷம் ஜன்னல் இருக்கற வீட்டுலயாவது இருக்கலாம்னு நெனச்சேன்."

உத்திராபதி அப்படி எப்போது சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தார். ஊரில் இருந்த எல்லாரையும் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்ததில், மகளைப் பற்றிச் சொன்னது அவருக்கு நினைவிலேயே இல்லை.